கால் பார்க்கும் நடுவர்

நடுவர் என்றதும் விளையாட்டு மைதானத்தில் விசில் ஊதுகிறவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் கோழிகளுக்கு நடுவர். ஒரு கோழியைக் கையில் கொடுத்தால் அது அசலா கலப்பா என்று சொல்வார். சொன்னால் சொன்னதுதான். கோழி வளர்ப்போர் சங்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பகலில் அவருக்கு மின்சார அலுவலகத்தில் உத்தியோகம். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு மீட்டர் சோதனை அறை இருக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு, வீட்டு மீட்டர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா, கள்ளத்தனமாக ஓடுகின்றனவா என்று பார்ப்பார். அங்கே அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் அங்கேகூட யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நடுவர் டீ குடிச்சாச்சா? நடுவர் இன்னிக்கு லீவா?" என்றுதான் கேட்கிறார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. மீட்டர் பார்க்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள், புகைக்கழுத்துக் கோழியைப் பார்த்து அசல் என்று சொல்ல இந்த உலகத்தில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில் தப்பும் இல்லை. அப்படி ஒரு இனம் இருப்பதாகச் சொன்னதே அவர் ஒருவர்தான்.

புகைக்கழுத்துக்கு உடம்பெல்லாம் கறுப்பு. கழுத்து மட்டும் அடுப்புக்கு மேல் தொங்கிய துணிபோலச் சாம்பல் பூத்திருக்கும். தலையில் ரம்பப்பல் கொண்டை இருக்காது, மிதிபட்ட ரோஜாப்பூ மாதிரி தட்டையாக ஒன்று இருக்கும். கால் சிலேட்டு நிறம். மொழுமொழுவென்று, ஓர் இறகுத்துணுக்குகூட இல்லாமல் இருக்க வேண்டும். இந்த இலக்கணத்தை எழுதியவர் நடுவரே. எதைப் பார்த்து எழுதினார் என்றால், தன் வீட்டுக் கொல்லையில் மேய்ந்த கோழிகளைப் பார்த்துத்தான். எழுதி முடித்த கையோடு, அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், அதே கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, "இதுல பாதி தேறாது" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முயலைப் பிடித்து, மூன்று கால் இருந்தால்தான் முயல் என்று தானே சட்டமும் போட்டு, நாலு கால் இருக்கிற குற்றத்துக்காக அதை வெளியே தள்ளியவர் என்று நான் பார்த்தது இவரைத்தான்.

வெளியே தள்ளுவது என்றால் சும்மா இல்லை. சங்கத்தில் ஒரு விதி இருந்தது, அதையும் கொண்டுவந்தவர் அவரே. கலப்பு என்று தீர்ப்பான பறவை ஒரு வாரத்துக்குள் கறிக்கடைக்குப் போய்விட வேண்டும். விட்டுவைத்தால் வேலி தாண்டும், அடுத்த வீட்டுக் கோழியோடு சேரும், இனம் நாசமாகும் என்று அவர் ஒரு கூட்டத்தில் பேசினார். கண்கலங்கப் பேசினார் என்றுகூடச் சொல்லலாம். எல்லோரும் கை தூக்கினார்கள். அன்றிலிருந்து அவர் தலையை ஆட்டினால் ஒரு கோழியின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். சாலையில் அவர் எதிரே வந்தால் சில பேர் கோழி இருக்கிற பையை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். அதைப் பார்த்து அவர், பயம் இருக்கிறவரை இனம் இருக்கும் என்று திருப்திப்பட்டுக்கொள்வார்.

அவர் தீர்ப்புச் சொல்கிற முறையே தனி. முதலில் கால், கடைசியில்தான் முகம். கூண்டுக்கு முன்னால் குனிந்து, விரல், விரலிடுக்கு, குதிமுள், கணுக்கால் என்று பார்த்துக்கொண்டே மேலே வருவார். கால் தேறாவிட்டால் மேலே வருவதே இல்லை. "முகத்தைப் பார்த்தா மனசு இளகிடும். கால் பொய் சொல்லாது" என்பார். மகள், தான் கட்டிக்கொள்ளப்போகிற பையனை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அவன் வாசலில் ஷூவைக் கழற்றுகிற வரைக்கும் இவர் வாயையே திறக்கவில்லை. காலைப் பார்த்த பிறகுதான் "வாங்க, உட்காருங்க" என்றார். மருமகன் இன்றைக்கும் மாமனார் வீட்டுக்கு வந்தால் சாக்ஸைக் கழற்றுவதில்லை.

நடுவருடைய மனைவி அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். கொல்லைக் கோழிகளை உண்மையில் வளர்க்கிறவர் அவர்தான். முட்டையை விளக்கில் காட்டிப் பார்ப்பது, அடைகாக்கும் பெட்டியின் சூட்டைப் பார்ப்பது, தீனி கலப்பது, சளி பிடித்த குஞ்சுக்கு மூக்கைத் துடைத்துவிடுவது எல்லாம் அவர் கை. எத்தனையோ குழந்தைகளைக் கையில் ஏந்தியவர், ஒன்றையாவது தலைகீழாகப் பிடித்துக் காலைப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று யோசித்தவர் இல்லை. பிறந்ததா, அழுததா, சரி, துணியில் சுற்று. கோழிக்குஞ்சுக்கும் அவரிடம் அதே கணக்குத்தான். ஆனால் கணவருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசமாட்டார். விஷயம் தெரிந்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். நம்பிக்கைதான் எவ்வளவு வசதியான விஷயம்!

இப்படிக் கழித்துக் கழித்து, நடுவர் வீட்டில் கடைசியாக ஒரே ஒரு சேவல் மிஞ்சியது. ஒன்று கண் வெளிறியதால் போயிற்று, ஒன்று கொண்டை சாய்ந்ததால், ஒன்று கழுத்துச் சாம்பல் முதுகு வரைக்கும் இறங்கியதால். முட்டை வாங்கிப்போன மற்றவர்களிடமும் சேவல் என்று வளர்ந்தவற்றை எல்லாம் கண்காட்சிக்குக் கண்காட்சி தள்ளிவிட்டார். ஆக, அசல் புகைக்கழுத்துச் சேவல் என்று கணக்கில் இருந்தது இது மட்டும்தான். நர்ஸம்மா அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. அவர் வேலை முடிந்து வந்தால் கைப்பையின் வாரைக் கொத்தி இழுத்து, தனக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்கிற சேவல். அதன் ஜோடிகளாக நாலைந்து பெட்டைகள். இந்தச் சேவல் வருகிற கண்காட்சியில் தேறிவிட்டால், புகைக்கழுத்து ஒரு தனி இனம் என்று எல்லா ஊர்ச் சங்கங்களுக்கும் மேலான பெரிய சங்கம் ஏற்றுக்கொள்ளும். தேறாவிட்டால் சேவலும் இல்லை, இனமும் இல்லை. நடுவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அந்த அங்கீகாரம் ஒன்றுக்குத்தான்.

இதில் ஒரு சிக்கல். நடுவர் தன் கோழிக்குத் தானே தீர்ப்புச் சொல்லக்கூடாது. புகைக்கழுத்துக்குத் தீர்ப்புச் சொல்ல அவரை விட்டால் ஆளும் இல்லை. அதனால் சேவல் மனைவியின் பெயரில் போட்டிக்குப் போகும் என்றும், கூண்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் என்றும் சங்கத் தலைவர் ஏற்பாடு செய்தார். தலைவர் ஒரு பல் டாக்டர். நடுவருக்கு அதுவும் போதவில்லை. பாரபட்சம் என்று நாளைக்கு ஒரு நாக்கு பேசிவிடக்கூடாது என்று, கண்காட்சிக்கு முந்தைய அந்தப் பருவம் முழுக்கத் தன் வீட்டுச் சேவலைக் கண்ணால் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தார். குளியலறையோ கொல்லையில் இருந்தது. தினமும் காலையில் தோளில் துண்டு, இடுப்பில் லுங்கி, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்த குடை என்று அவர் குளிக்கப் போனார். மழையும் இல்லை, வெயிலும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, ஏதோ தோல் வியாதி என்று தன் மனைவியிடம் சொன்னார். குடைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, தன்னை ஏன் இந்த மனுஷன் பார்க்கமாட்டேன் என்கிறான் என்று கூடவே நடந்து வரும். குடை ஒரு பக்கம் நகரும், சேவல் மறுபக்கம் வரும், குடை அந்தப் பக்கம் திரும்பும். குளியலறைக் கதவு சாத்துகிற வரைக்கும் இந்தக் கூத்து நடக்கும்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே கூண்டுகள் வரிசையாக இருந்தன. சனிக்கிழமை காலை எள் விழ இடமில்லை. நடுவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் சிவப்பு அட்டைக் கட்டோடு வந்தார். சிவப்பு அட்டை என்றால் கலப்பு. மற்றவர்கள் அந்த வருஷம் புதிதாக வளர்த்தவையும் சேர்த்து, புகைக்கழுத்து வரிசையில் ஆறு சேவல். குனிந்த தலை நிமிராமல் முதல் கூண்டிலிருந்து ஆரம்பித்தார். குதிமுள் கோணல், சிவப்பு. கால் மஞ்சள் அடிக்கிறது, சிவப்பு. வரிசையாக ஐந்தும் போயிற்று. ஆறாவது கூண்டில், வலது காலின் கடைசி இரண்டு விரலுக்கு நடுவே ஏதோ அசைந்தது. பூதக்கண்ணாடியை வைத்தார். பூனைமுடி போல ஓர் இறகுத்துணுக்கு. காலில் இறகுள்ள வேறு ஏதோ இனத்தின் ரத்தம் எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இப்படி ஒரு முடி இருந்தால் கண்காட்சிக்கு முதல் நாளே இடுக்கியால் பிடுங்கிவிடுவது வளர்க்கிறவர்களின் வழக்கம். பிடுங்கிய குழியைக்கூட இவர் கண்டுபிடித்துவிடுவார். இதைப் பிடுங்கக்கூட இல்லை. என்ன அலட்சியம் என்று அவருக்குக் கோபமே வந்தது. சிவப்பு அட்டையைக் கம்பியில் கட்டிவிட்டு, "கலப்பு! கலப்பு! படுகலப்பு!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

கூண்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளை அவரைப் பார்த்தது. ஒரு பருவம் முழுக்கக் குடைக்குப் பின்னால் ஒளிந்த முகம் கடைசியில் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், தீனி கண்டால் மட்டும் எழுப்புகிற குரலில் கொக்கரித்து, கம்பி வழியாகத் தலையை நீட்டி, வெள்ளைக் கோட்டின் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

நடுவரின் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு அதுவும் நின்றுபோயிற்று. நர்ஸம்மா கூண்டுக்குப் பக்கத்தில் சீருடையிலேயே நின்றுகொண்டிருந்தார். வேலைக்கு நடுவில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவர். அவர் சிவப்பு அட்டையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், சேவலின் அலகிலிருந்து கோட்டுப் பொத்தானை மெதுவாக விடுவித்தார்.

"பல் டாக்டர் சார், நான் மேல்முறையீடு பண்றேன்" என்றார்.

சங்கத்தின் சட்டத்தில் மேல்முறையீடு உண்டு. அந்த இனத்தைப் பற்றித் தெரிந்த நடுவர் ஒருவர் அதை விசாரிக்க வேண்டும். புகைக்கழுத்தைப் பற்றித் தெரிந்தவர் ஒரே ஒருவர். ஆகவே நடுவர் கொடுத்த தீர்ப்பு சரியா என்று விசாரிக்க நடுவரே நியமிக்கப்பட்டார். யாருக்கும் இதில் எந்த விநோதமும் தெரியவில்லை. விசாரணை அன்று மாலையே பல் டாக்டரின் கிளினிக்கில் என்று முடிவாயிற்று. சங்கத்துக்குக் கட்டடம் இல்லை, எல்லாக் கூட்டமும் அங்கேதான். அதோடு பல் டாக்டரின் விளக்கு நல்ல வெளிச்சம்.

பல் பிடுங்குகிற நாற்காலியை நன்றாகச் சாய்த்து, துண்டு விரித்து, மாப்பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். உதவிக்கு, போன வருஷம் இதே மாதிரி கால்முடிக்காகத் தன் பெட்டைக்குச் சிவப்பு அட்டை வாங்கிய பேக்கரிக்காரர் இருந்தார். அவர் இரண்டு இறக்கையையும் பிடித்துக்கொண்டார். வெளியே கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர், உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, தனக்கு முன்னால் போனவருக்கு என்ன ஆகிறது என்று எட்டிப் பார்த்தார். நாற்காலியில் சேவலைப் பார்த்ததும், வலி தேவலை என்று எழுந்து போய்விட்டார்.

நடுவர் மனைவியைப் பார்த்து, "மேல்முறையீடு செய்பவர் தன் தரப்பைச் சொல்லலாம்" என்றார்.

"என்னங்க, இது என்ன பேச்சு?"

"விசாரணைம்மா. முறைப்படி கேட்கிறேன்."

"சரிங்க ஐயா" என்றார் நர்ஸம்மா. "சொல்றேன். குஞ்சா இருந்தப்ப இந்தக் காலைப் பார்த்துத் தேறும்னு சொன்னது நீங்கதான். இறகு மாத்தின சமயத்துல இது முளைச்சது. நானும் பார்த்தேன். முளைச்சது முளைச்சிட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன். எல்லாரும் பிடுங்கிட்டுக் கொண்டுவர்றாங்க. நான் பிடுங்கல. அதுக்குத்தான் இந்தத் தண்டனையா?"

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "நடுவர் சார், அது தூசியாகூட இருக்கலாமே? பஞ்சு கிஞ்சு ஒட்டியிருக்கும். நல்லாப் பாருங்க." சொல்லிவிட்டு, கண்ணைச் சிமிட்டுவது போலவும் சிமிட்டாதது போலவும் ஏதோ செய்தார். தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. பழம் நழுவிப் பாலில் விழ இருந்தது. தூசி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சேவல் பிழைக்கும், இனம் பிழைக்கும், வீட்டில் ராத்திரிச் சாப்பாடு நிம்மதியாக இறங்கும். நடுவர் என்ன செய்தார்? தூசி என்றால் இழுத்தால் வந்துவிட வேண்டும் என்று சொல்லி, பல் டாக்டரின் சிறிய இடுக்கியை எடுத்து, அந்த முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மாப்பிள்ளை துள்ளி உதைத்த உதையில் வாய் கொப்பளிக்கிற கிண்ணம் உருண்டு கீழே விழுந்தது.

"வேர் இருக்கு. முடிதான்" என்றார் நடுவர். "முதல் தீர்ப்பு சரி."

"விட்டுடலாங்க" என்று பேக்கரிக்காரர் இழுத்தார். "ஒரு முடிதானே."

"போன வருஷம் உங்க கோழிக்கும் ஒரு முடிதான். உங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? அதை நீங்க கறிக்கடைக்குக் கொண்டுபோனீங்களா இல்லையா?"

பேக்கரிக்காரர் எதுவும் சொல்லாமல் சேவலின் இறக்கையை நீவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நடுவர் நினைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நர்ஸம்மா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நடுவருக்குத் தாங்கியிருக்கும். அவர் சேவலுக்குத் தண்ணீர் வைத்தார், சமையலறையில் பாத்திரத்தைத் துலக்கினார், துலக்கிய பாத்திரத்தையே இன்னொரு தரம் துலக்கினார்.

"நான் என்னை நினைச்சு அழலைங்க" என்றார் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டே. "பேக்கரிக்காரர் பொண்டாட்டி அந்தக் கோழிய மடியில வச்சுக்கிட்டுக் கணக்கு எழுதுவா. கல்லாப்பெட்டி மேலதான் அது தூங்கும். போன வருஷம் நீங்க அதைத் தள்ளினப்ப நான் அவகிட்ட ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லல. விதின்னா விதிதான்னு இருந்துட்டேன். இத்தனை வருஷத்துல எத்தனை வீட்ல இப்படிப் பாத்திரம் துலக்கியிருப்பாங்களோ?"

நடுவருக்கும் அழுகை வந்தது, ஆனால் கோபமாக இருப்பதுபோலக் காட்டிக்கொண்டார். முடியை இப்போது பிடுங்கிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. சேவல் பறந்துவிட்டது என்று சொன்னால் என்ன என்று இன்னொன்று வந்தது. இரண்டையும் தள்ளிவிட்டார். இத்தனை பேர் தன் ஒரு சொல்லுக்காக, வளர்த்த பிராணியைக் கறிக்கடையில் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்குத் தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் சட்டத்தை வளைத்தால், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? ஊருக்குத்தான் உபதேசம் என்று காறித் துப்பமாட்டார்களா? தான் பட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் நல்லவர்தான். நல்லவராக இருப்பதில் இவ்வளவு தூரம் போகாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடையில் கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. நடுவர் மாப்பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். சேவல் சந்தோஷமாக இருந்தது. இந்த மனுஷன் முதல் முறையாகத் தன்னை வெளியே கூட்டி வந்திருக்கிறான் என்று கழுத்தை நீட்டி எல்லோரையும் பார்த்தது. முன்னால் நின்ற ஒரு பெண், "என்ன அழகுங்க! எந்த ஜாதிக் கோழி இது?" என்று கேட்டாள்.

"கலப்பு" என்றார் நடுவர்.

"அதான் இவ்வளவு அழகா இருக்கு" என்றாள் அந்தப் பெண். அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் முறை வந்தது. கறிக்கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே நிமிர்ந்தார். பருத்த மனிதர், காதில் பென்சில். "வாங்கண்ணே! வழக்கம் போலத்தானா?" என்றார்.

நடுவர் சேவலைக் கொடுக்கக் கையை நீட்டினார், கை நீளவில்லை. பேச்சு கொடுத்தால் கொஞ்ச நேரமாவது தள்ளிப்போகும் என்று, "உங்களுக்குக்கூடக் கஷ்டமாத்தான் இருக்கும், இல்ல?" என்றார்.

"எதுக்குண்ணே?"

"ஒவ்வொரு கண்காட்சி முடிஞ்சதும் எல்லாரும் வளர்த்த கோழிய உங்ககிட்ட கொண்டாந்து அழுவாங்களே. அதைப் பார்க்க."

கறிக்கடைக்காரர் தீட்டுவதை நிறுத்தினார். "எல்லாரும்னா யாருண்ணே?"

"யாருன்னா? சங்கத்து ஆளுங்கதான். நான் தள்ளின கோழியெல்லாம் இங்கதானே வருது?"

"இங்க யாரும் வர்றதில்லையே."

"பேக்கரிக்காரர்? போன வருஷம், கால்முடி வச்ச பெட்டை?"

"அதுவா? நேத்துகூடப் பார்த்தேனே. கல்லாப்பெட்டி மேல உட்கார்ந்து தூங்கிட்டிருந்துச்சு. அதுக்குக் குஞ்சு பேரன் பேத்தியெல்லாம் எடுத்தாச்சு. நீங்க கடைக்கு வர்றீங்கன்னா மட்டும் தூக்கி மாவு மூட்டைக்குப் பின்னால விட்டுருவாங்க."

நடுவர் சேவலை இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். "டாக்டர்? அவர் சேவல் ரெண்டைத் தள்ளியிருக்கேன்."

"கிளினிக் மொட்டை மாடியில கூவுறது என்னன்னு நினைச்சீங்க?" கறிக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஏன், நானே ஒரு தடவை கண்காட்சிக்கு ஒரு புகைக்கழுத்து கொண்டாந்தேன். கொண்டை சாய்ஞ்சிருக்குன்னு சிவப்பு அட்டை கட்டினீங்க. ஞாபகம் இருக்கா?"

"அதை?"

"மேல மாடியிலதாண்ணே இருக்கு."

"கறிக்கடைக்காரரே, நீங்களுமா அறுக்கல?"

"எப்படிண்ணே அறுக்கிறது? பொண்ணு கையில தீனி திங்குது." கறிக்கடைக்காரருக்கே வெட்கமாக இருந்தது. கத்தியை மேடையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பெரிய மனுஷன், மனசு நோகக்கூடாதுன்னு எல்லாரும் சரின்னு தலையாட்டுவாங்க. அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல தள்ளின கோழிய நெசமாவே இங்க கொண்டாந்தது நீங்க ஒருத்தர்தாண்ணே."

முதலில் நடுவருக்கு வந்தது கோபம்தான். இத்தனை வருஷம் காத்த இனம்! ஊர் முழுக்கக் கோணல் குதிமுள்ளும் சாய்ந்த கொண்டையும் கொழுத்துத் திரிகின்றனவா? முதுகு வரைக்கும் சாம்பல் இறங்கிய புகைக்கழுத்துகள் மாடிக்கு மாடி கூவுகின்றனவா? அழிந்துவிடும் அழிந்துவிடும் என்று தான் பயந்து செத்த இனம் ஊரெல்லாம் பெருகிக் கிடக்கிறதா? எல்லோருமாகச் சேர்ந்து தன்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று உதடு துடித்தது.

பிறகு அந்தக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கண் வெளிறிய அந்தச் சேவல் நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் பின்னாலேயே வந்து, பஸ் கிளம்பிய பிறகுதான் திரும்பிப் போகும். அதை அவரே பிடித்து இந்தக் கடைக்குத் தூக்கி வந்தார். வழியெல்லாம் அது பஸ் நிறுத்தத்துக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தது. கொண்டை சாய்ந்த சேவல், முதுகில் சாம்பல் இறங்கிய சேவல், காரணமே இப்போது நினைவில்லாத எத்தனையோ. சட்டத்துக்குப் பயந்து ஊரே துக்கப்படுகிறது, அதில் தன் துக்கமும் ஒரு பங்கு என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார். அந்தத் துக்கத்தில் வேறு யாருக்கும் பங்கே இல்லையாம். அவ்வளவையும் அவர் ஒருவர்தான் பட்டிருக்கிறார், தன் மனைவியையும் படவைத்திருக்கிறார். கறிக்கடை வரிசையில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே, ஒரு சேவலைக் கட்டிக்கொண்டு அவர் அழுதார். பின்னால் நின்றவர் மரியாதையாக ஓர் அடி தள்ளி நின்றார்.

"அண்ணே, வெட்டணுமா வேண்டாமா? கூட்டம் நிக்குது" என்றார் கறிக்கடைக்காரர் மெதுவாக.

நடுவர் வரிசையிலிருந்து விலகினார்.

வீட்டு வாசலில் நர்ஸம்மா மருத்துவமனைக்குக் கிளம்பிப் படியில் நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தெருமுனையில் கணவர் வருவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருகில் வந்த பிறகுதான் கக்கத்தில் கறுப்பாக ஏதோ அசைவது தெரிந்தது. மாப்பிள்ளை இறங்கி ஓடிப்போய்க் கைப்பையின் வாரைக் கொத்தியது.

"என்ன ஆச்சுங்க?"

நடுவருக்கு வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"கடை லீவு" என்றார்.

"ஞாயித்துக்கிழமை கறிக்கடை லீவா?"

"லீவுதான்."

நர்ஸம்மா அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, சேவலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு?"

"அடுத்த ஞாயிறும் லீவுதாம்மா. விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."